கலவை உப்பு

நேற்று மெரூன். இன்று நேவி நீலம்.
எந்தச் சீமையில் என்ன பண்டிகை என்று
குழாயில் வரும் நிறத்தை வைத்தே
சொல்லிவிடுவார் நாச்சிமுத்து அண்ணன்.
நான் நிறம் பார்ப்பதில்லை.
உள்ளே வரும்போது ஆறாயிரத்து நானூறு,
வெளியே போகும்போது நூற்றுத் தொண்ணூறு.
நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டு
கொய்யாக்காயை
உப்புத் தொடாமல் தின்பேன்.

ஒரு சொட்டுகூட ஆற்றில் விடக்கூடாது.
கோர்ட் சொன்னது. சரிதான்.
விட்டதில்லை.
தண்ணீரைத் தோல் தோலாய் உரித்து
நல்லதைச் சாயப்பட்டறைக்கே அனுப்புகிறோம்.
முந்தாநாள் ஒரு பனியனை நனைத்தது
நாளை இன்னொன்றை நனைக்கும்.
அதே தண்ணீர்
திருப்பூரை எத்தனை முறை சுற்றியிருக்கும் என்று
ஒருநாள் கணக்குப் போட்டேன்.
டவுன் பஸ்கூட அத்தனை டிரிப் அடிக்காது.

மிஞ்சுவது கரைசல். அதைக் காய்ச்ச விறகு.
சவுக்கு, தைலமரம், காற்றுக்குச் சாய்ந்த தென்னை,
சில நாள்
ரோடு அகலப்படுத்தும்போது பிடுங்கிய வேம்பு,
வேரில் மண் ஒட்டியபடி.
ஆற்றுக்காக இத்தனை மரமா என்று
பாய்லர் திபாகரிடம் கேட்டேன்.
"பிரஷர் எட்டு, தீதீ" என்றான்.

அதற்கும் பிறகு மிஞ்சுவது உப்பு.
வெள்ளையுமில்லை, பழுப்புமில்லை.
குழம்புக்கு ஆகாது, சாயத்துக்கு ஆகாது,
புதைக்க எந்த ஊரும் இடம் தராது.
வேறு பேர் தெரியாமல் கலவை உப்பு என்றார்கள்.
ஒரு ஷெட் நிரம்பியது. இன்னொன்று கட்டினார்கள்.
மூன்றாவதும் நிரம்பியது.
நாலாவதற்குத் தகரம் வரவில்லை.
தார்ப்பாய்.

மயில் அகவினால் மழை என்பார்கள்.
எங்கள் ஆவியாக்கியின் மேல்
முப்பது மயில் அடைகிறது, கதகதப்புக்கு.
தினமும் அகவுகிறது.
யார் நம்புவது?

தை மாதம்.
அறுத்த சோளத்தட்டு காட்டில் காய்கிற நேரம்.
ராத்திரி ஒன்றே காலுக்கு வந்தது.
எவ்வளவு பெய்தது என்று தெரியாது.
கழுவி வெளியே கவிழ்க்க மறந்த என் டிபன் பாக்ஸ்
இரண்டு மணிக்கே நிரம்பி வழிந்தது.

தார்ப்பாய் முதலில் தொட்டிலாய்த் தொங்கியது.
கிழிந்தபோது வந்த சத்தம்
துணி கிழிகிற சத்தம்தான்,
இந்த ஊரில் யாரும் திரும்பிப் பார்க்காத சத்தம்.
நான்கு பேர் ஓடினோம்.
மூட்டையைத் தூக்கும்போது ஐம்பது கிலோ,
மேடையில் இறக்கும்போது முப்பது.
மீதி என் சுடிதாரில்,
திபாகரின் கண்ணில்,
நாச்சிமுத்து அண்ணனின் குதிகால் வெடிப்பில்.
அவர் அம்மா என்று கத்தினார்,
அப்புறம் சிரித்தார்.

உப்புக்கு வழி தெரிந்திருந்தது.
ஷெட் வாசல், லாரித் தடம், சாக்கடை,
புதுப் பாலத்தின் கீழே
நொய்யல்.
பன்னிரண்டு வருஷம் சொட்டுச் சொட்டாய்ப் பிரித்து வைத்தோம்.
வந்து கேட்டதும் கொடுத்துவிட்டோம்.

விடிந்தபோது வானம் சலவை செய்ததுபோல் இருந்தது.
ஈர மூட்டைகளை எண்ணினேன்.
மறுபடி எண்ணினேன்.
நோட்டில் அதற்குக் கட்டமில்லை.
'ஆற்றில் விட்டது' என்ற இடத்தில்
பூஜ்ஜியம் அச்சடித்தே வருகிறது,
நாங்கள் எழுதும் சிரமம் வேண்டாமென்று.

"எழுத வேண்டாமுங் கண்ணு" என்றார் நாச்சிமுத்து அண்ணன்,
காலைத் தகர டப்பாவில் ஊற வைத்தபடி.
"மழை பண்ணுனதுக்கு நாம என்னங் பண்றது?"

மழை பண்ணியதுதான்.
பாய்லர் பக்கம் பார்த்தேன்.
வேம்பு ஒன்று பாதி உள்ளே,
பாதி வெளியே.

பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் பென்சிலால்
முந்நூற்றுப் பதினோரு மூட்டை என்று எழுதினேன்.
கொஞ்ச நேரம் கழித்து
அதன் மேலேயே பேனாவை ஓட்டினேன்.

எட்டு மணிக்குக் குழாய் திறந்தது.
மஞ்சள்.
என்ன பண்டிகை என்று
அண்ணன் சொல்லவில்லை.